எழுதிப் பிழைப்பவருக்கான கையேடு: ஏற்ற இறக்கங்களோடு காலந்தள்ளும் முறை

எழுத்தைத் தொழிலாகக் கொண்டவருக்கு வேலைக்கும் அதன் பலனுக்கும் நடுவே விழும் இடைவெளி மிக நீண்டது. இன்று எழுதி முடித்த நாவலைப் பதிப்பாளர் படித்து ஏற்கச் சில மாதங்களும், ஏற்றபின் அது அச்சாகி வர ஓராண்டும், விற்ற கணக்கு கைக்கு வர மேலும் ஓராண்டும் ஆகலாம். ஆகவே ஓர் எழுத்தாளர் இன்று கொண்டாடப்படுகிறார் என்றால் அது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த வேலைக்காகத்தான். இன்று அவர் கையில் காசில்லை என்றால் அதற்கும் அவர் இன்று எழுதும் பக்கத்துக்கும் தொடர்பில்லை. இதை உணராதவர், நல்ல செய்தி வந்த வாரத்தில் வேலையை விட்டுவிடுகிறார். கெட்ட செய்தி வந்த வாரத்தில் எழுத்தையே விட்டுவிடுகிறார். நன்றாக எழுதுவது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் ஏராளமாக இருக்கின்றன. இங்கே சொல்லப்படுபவை அவற்றிலிருந்து வேறானவை. எழுதிக்கொண்டே இருப்பதற்கு இடங்கொடுக்கும் ஏற்பாடுகளைப் பற்றியவை.

பணம் எப்படி வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும், அதாவது ஒவ்வொரு படிக்கும், ஆசிரியருக்கு வரும் பங்குதான் ராயல்டி. புதிய எழுத்தாளர்கள் "பத்து சதவீத ராயல்டி" என்ற சொற்றொடரைக் கேட்டதும் மகிழ்ந்துபோகிறார்கள். எதன் மேல் பத்து சதவீதம் என்று கேட்பதில்லை. நூலின் அட்டை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பதிப்பாளர் கடைக்காரருக்கு 50 சதவீதக் கழிவில் கொடுத்தால் பதிப்பாளர் கைக்கு வருவது 50. ராயல்டி அட்டை விலையின் மேல் கணக்கிடப்பட்டால் படி ஒன்றுக்கு உங்களுக்கு 10 கிடைக்கும். பதிப்பாளரின் நிகர வரவின் மேல் என்றால் 5 கிடைக்கும். சதவீதம் ஒன்றுதான், தொகை பாதியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து அடிக்கோடிட்டுக்கொண்டு, பிறகு மற்றதைப் படிக்கலாம்.

அடுத்தது முன்பணம். இது பரிசோ சம்பளமோ அல்ல. வரவிருக்கும் ராயல்டியில் கழித்துக்கொள்ளப்படும் தொகை. முன்பணம் 30,000, படி ஒன்றுக்கு ராயல்டி 10 என்றால், 3,000 படிகள் விற்று முடியும்வரை உங்களுக்கு மறு காசு வராது. அந்த 30,000-மும் ஒரே தவணையில் வருவது அரிது. கையெழுத்திடும்போது ஒரு பங்கு, கைப்பிரதி ஏற்கப்படும்போது ஒரு பங்கு, நூல் வெளியாகும்போது ஒரு பங்கு என்று பிரித்துத் தருவதே பரவலான வழக்கம் என்பதால், பெரிதாகத் தெரிந்த தொகை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பரவி மெலிந்துவிடுகிறது. நூல் விற்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது பொது வழக்கம். ஆனால் கைப்பிரதியைக் கொடுக்கவே இல்லை என்றால் திருப்பித் தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

விற்பனைக் கணக்கு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோதான் வரும். ஜனவரியில் விற்ற படி, ஜூன் வரையிலான அரையாண்டுக் கணக்கில் சேரும். அந்தக் கணக்கு செப்டம்பரிலோ அக்டோபரிலோ கைக்கு வரும். மேலும், கடைக்குப் போன படி எல்லாம் விற்ற படி அல்ல. பல நாடுகளில் விற்காத படிகளைக் கடைக்காரர் பதிப்பாளரிடம் திருப்பிவிடலாம். அதை எதிர்பார்த்துப் பதிப்பாளர் ராயல்டியில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பார். முதல் கணக்கில் எண் பெரிதாகவும் அடுத்ததில் கழித்தல் குறியோடும் வந்தால் பதற வேண்டாம், அது திரும்பி வந்த படிகளின் கணக்கு.

இவ்வளவும் தெரிந்தபின் செய்ய வேண்டியது எளிது; செய்வதுதான் கடினம். எழுத்தின் மூலம் எந்தத் தொகை வந்தாலும், அது வந்த மாதத்தின் வருமானம் என்று கருதாமல், அடுத்த பதினெட்டு மாதங்களின் வருமானம் என்று கருதி மாதப் பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். வரிக்கான பங்கை வந்த அன்றே வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். நல்ல ஆண்டு ஒன்று அமைந்தால் ஒருமுறைச் செலவுகளைத் தாராளமாகச் செய்யலாம். கடனை அடைக்கலாம், நல்ல நாற்காலி வாங்கலாம். ஆனால் மாதாமாதம் கட்டியாக வேண்டிய எந்தப் புதிய செலவையும் அந்த ஆண்டை நம்பி ஏற்கக் கூடாது. எழுத்தாளர்களின் வீழ்ச்சியில் பாதி, புகழ் உச்சியில் இருந்தபோது எடுத்த மாதத் தவணைகளால் வந்தது என்பது என் எண்ணம்.

இன்னொரு வேலையில் இருந்துகொண்டு எழுதுவதைத் தாழ்வாகக் கருதுவோர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பணிபுரிந்துகொண்டேதான் பல நாவல்களை எழுதினார். எழுத்தாளர் காஃப்கா பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். வேலை எழுத்தின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் வாடகைக்காக எழுத வேண்டிய நெருக்கடி எழுத்தின் தேர்வுகளையே எடுத்துக்கொள்கிறது. வேலையை விடுவதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு நூலின் வெற்றியைப் பார்த்து விடாதீர்கள், வெளியாகி இரண்டு ஆண்டுகள் கடந்த பழைய நூல்கள் தொடர்ந்து தரும் வருமானத்தைப் பார்த்து முடிவெடுங்கள். பழைய நூல்கள் வீட்டுச் செலவில் பாதியைத் தாங்கினால், மீதியை மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், பத்தி எழுத்து, பயிற்சி வகுப்பு ஆகியவற்றால் நிரப்பிக்கொள்ள முடியும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் அதற்குப் பதிவோ முத்திரையோ தேவையில்லை. அது ஆசிரியரின் வாழ்நாளோடு, அவர் இறந்தபின் குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் பொது விதி. பல நாடுகளில் 70 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள். ஆகவே, "பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால், உங்கள் பேரப்பிள்ளைகள் முதியவர்களாகும் வரைக்கும் என்று பொருள். அந்த நூலைச் சந்தையில் வைத்திருக்க ஐந்து ஆண்டுகள்கூட முயலாத ஒருவருக்கு அவ்வளவு காலத்தை ஏன் எழுதிக்கொடுக்க வேண்டும்?

உரிமையையே கைமாற்றிக் கொடுப்பது வேறு, குறிப்பிட்ட காலத்துக்கு வெளியிட்டுக்கொள்ள அனுமதி தருவது வேறு. முடிந்தவரை இரண்டாவதையே கேளுங்கள். அச்சு நூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், தொடர் வெளியீடு என்று ஒவ்வோர் உரிமையும் தனித்தனிச் சொத்து. பதிப்பாளரிடம் மொழிபெயர்ப்புகளை விற்கத் தனி ஆளோ தொடர்போ இருந்தால் அந்த உரிமையைக் கொடுப்பதில் நன்மை உண்டு. இல்லையென்றால் அது அவருடைய அலமாரியில் தூங்கும். "சென்ற மூன்று ஆண்டுகளில் எத்தனை நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமையை விற்றிருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம், அது குற்றம் சாட்டும் கேள்வி அல்ல. இப்போதைய ஒப்பந்தங்களில், நூலைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிக்கப் பயன்படுத்துவது பற்றியும் ஒரு வரி இருக்கலாம். இருந்தால் என்ன சொல்கிறது என்றும், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்றும் கேட்டு வையுங்கள்.

உரிமை திரும்பும் விதிக்கு நான் மிகுந்த முக்கியத்துவம் தருவேன். முன்பெல்லாம் நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பியது. மின்னூலும், கேட்கும்போது மட்டும் அச்சிட்டுத் தரும் முறையும் வந்தபின், எந்த நூலும் பெயரளவில் "அச்சில் இல்லை" என்ற நிலைக்கு வருவதே இல்லை. ஆண்டுக்கு இரண்டு படி விற்றாலும் அது உயிரோடு இருப்பதாகக் கணக்கு. எனவே எண்ணால் எல்லை வகுக்க வேண்டும்: தொடர்ந்து இரண்டு அரையாண்டுகளில் விற்பனை இத்தனை படிகளுக்குக் கீழே போனால், ஆசிரியர் எழுத்தில் கேட்ட ஆறு மாதங்களில் உரிமை திரும்பும் என்பது போல. இந்த ஒரு விதி இருந்தால், மறக்கப்பட்ட நூலைப் பத்தாண்டு கழித்து நீங்களே மறுபதிப்பாகக் கொண்டுவரலாம்.

"அடுத்த நூலையும் எங்களுக்கே தர வேண்டும்" என்ற விதியும் கவனிக்கத்தக்கது. துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி தம் முதல் நாவலுக்கான ஒப்பந்தத்தில் அடுத்த ஐந்து நூல்களுக்கும் சேர்த்துக் கட்டுப்பட்டு, அவற்றை எழுதி முடித்தபின்தான் நல்ல நிபந்தனைகளோடு வேறு பதிப்பகத்துக்குப் போக முடிந்தது. இந்த விதியை நீக்க முடியாவிட்டால், ஒரே ஒரு நூலுக்கு, அதுவும் அறுபது நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற வரம்போடு, புதிய நிபந்தனைகள் பேசிக்கொள்ளும் உரிமையோடு இருக்கட்டும். வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர்கள் எழுத்தாளர் சங்கங்களை நாடலாம். 1884-இல் லண்டனில் தொடங்கப்பட்ட எழுத்தாளர் சங்கமும், 1912-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எழுத்தாளர் கில்டும் உறுப்பினர்களின் ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்கின்றன.

பலருக்குத் தெரியாத வருவாய் ஒன்று நூலகங்களிலிருந்து வருவது. பொது நூலகத்தில் நூல் இரவல் கொடுக்கப்படுவதற்காக ஆசிரியருக்குத் தொகை தரும் திட்டத்தை 1946-இல் டென்மார்க் தொடங்கியது. பிரிட்டன் 1979-இல் அதற்குச் சட்டம் இயற்றியது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது. உங்கள் நாட்டில் இருந்தால் ஒவ்வொரு நூலையும் தவறாமல் பதிந்துகொள்ளுங்கள், பதியாதவருக்கு எதுவும் தேடி வராது.

எழுதும் நாளும் எழுத வராத நாளும்

டிரோலப் காலை ஐந்தரை மணிக்கு அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் மூன்று மணி நேரம் வேலை செய்தார் என்பதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த மூன்று மணியில் முதல் அரை மணியை முந்தைய நாள் எழுதியதைப் படிக்க ஒதுக்கினார் என்பதை விட்டுவிடுவார்கள். பின்பற்றத் தகுந்தது அதுதான் என்பேன். அவர் வேகம் நமக்கு வராது, வரவும் வேண்டாம். நாளுக்கு 300 சொற்கள் என்று ஆண்டில் 250 நாட்கள் எழுதினாலே 75,000 சொற்கள், அதாவது ஒரு முழு நாவல், சேர்ந்துவிடும்.

எழுத வராத நாளில் முதலில் காரணத்தைப் பிரித்தறியுங்கள். அடுத்த காட்சியில் யாருக்கு என்ன மாற வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் தடை கதையில் இருக்கிறது. இருபது பக்கம் பின்னே போய், பாத்திரம் ஒன்று தனக்கு இயல்பல்லாத முடிவை எங்கே எடுத்தது என்று தேட வேண்டும். அந்த வாக்கியத்தை எழுத முடிந்தும் காட்சி வரவில்லை என்றால் தடை உங்களிடம் இருக்கிறது. அதற்குத் தூக்கமும் நடையும்தான் மருந்து. முதல் வகையை ஓய்வால் தீர்க்க முயல்வதும், இரண்டாவதை உழைப்பால் தீர்க்க முயல்வதும் மாதக் கணக்கில் நேரத்தை வீணாக்கும்.

எடிட்டரின் கடிதம் வந்த அன்று பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து, அவர் சொன்ன குறைகளை ஒரு தாளில் பக்க எண்ணோடு மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "தொய்வு", "நம்பும்படியாக இல்லை" போன்ற தீர்ப்புகளை அப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதே கைப்பிரதியைப் படித்த இன்னொருவரும் அதே பக்கத்தில் தடுக்கி விழுந்திருந்தால் அங்கே கோளாறு இருப்பது உறுதி. ஆனால் கோளாறின் வேர் அந்தப் பக்கத்திலேயே இருப்பது அபூர்வம். 140-ஆம் பக்கத்தில் கதாநாயகி அழுவது செயற்கையாகப் படுகிறது என்றால், 120-ஆம் பக்கத்தில் அவள் எதை இழந்தாள் என்பது சரியாகக் காட்டப்படாமல் போயிருக்கும். அழுகையைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போவதைவிட இழப்பைத் திருத்துவது எளிது.

மறுப்பு

அனுப்பிய தேதி, யாருக்கு, எந்த வடிவம், என்ன பதில் என்று நான்கு நெடுவரிசைகள் கொண்ட குறிப்பேடு ஒன்று போதும். அச்சடித்தாற்போன்ற மறுப்பிலிருந்து எதையும் கற்க முடியாது, அதை ஆராய்ந்து பொழுதைப் போக்க வேண்டாம். காரணம் சொல்லும் மறுப்பு, யாரோ ஒருவர் முழுதாகப் படித்தார் என்பதற்குச் சான்று. "இது எங்களுக்குப் பொருந்தவில்லை, அடுத்ததை அனுப்புங்கள்" என்பதை மறுப்பு என்றே எண்ணக் கூடாது. அப்படிச் சொன்னவர் பெயரைச் சுழித்து வைத்து, அடுத்த கைப்பிரதியை முதலில் அவருக்கே அனுப்புங்கள். ஆசிரியரிடமே பணம் வாங்கிக்கொண்டு வெளியிடுகிறேன் என்று வருபவர், நூலை விற்றுச் சம்பாதிக்க வேண்டிய தேவையிலிருந்து தம்மை முன்கூட்டியே விடுவித்துக்கொண்டவர். அதைவிட நீங்களே வெளியிட்டுக்கொள்ளலாம். மெய்ப்புத் திருத்துவதற்கும் அட்டைக்கும் மட்டும் தகுந்தவர்களுக்குக் கூலி கொடுங்கள்.

நூல் வெளியாகும் மாதம்

பெரும்பாலான நூல்கள் வெளியான பிறகு எதுவுமே நடப்பதில்லை. திட்டுவதற்குக்கூட ஆளில்லாத அந்த மௌனத்துக்கு யாரும் தயாராக வருவதில்லை. இதற்கு நானறிந்த ஒரே தற்காப்பு, நூல் அச்சுக்குப் போகும்போதே அடுத்ததைத் தொடங்கி, வெளியீட்டு நாளில் அதில் ஐம்பது பக்கமாவது கையில் வைத்திருப்பதுதான். இணையக் கடைகளின் விற்பனைத் தரவரிசை மணிக்கு மணி மாறக்கூடியது. ஒரே ஒரு படி விற்றாலும் பல ஆயிரம் இடங்கள் தாவும். மாதத்தில் ஒரு நாளை அதற்கென ஒதுக்கி, அன்று மட்டும் பாருங்கள்.

கடுமையான மதிப்புரைக்குப் பொதுவெளியில் பதில் சொல்லாதீர்கள். தகவல் பிழை இருந்தால் அந்த இதழின் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதலாம். கருத்துக்கு எழுத வேண்டாம். உங்களோடு தொடங்கியவர் விருது வாங்கும்போது வயிறு எரிவது இயல்பு. எரியும்போதே அவருடைய நூலை எடுத்து, எந்த இடத்தில் அவர் உங்களைவிட நன்றாகச் செய்திருக்கிறார் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். எரிச்சல் தணியாவிட்டாலும் தொழில் நுணுக்கம் ஒன்றாவது கைக்கு வரும்.

ஏற்றத்தைத் தாங்குவது

இறக்கத்தைவிட ஏற்றம் அதிக நேரத்தைத் தின்னும். நூல் பேசப்படும்போது அழைப்புகள் குவியும். ஒரு மணி நேரப் பேச்சு, தயாரிப்பும் பயணமும் அலுப்பும் சேர்ந்து மூன்று எழுதும் நாட்களைக் கொண்டுபோகும். எந்த அழைப்புக்கும் உடனே ஒப்புக்கொள்ளாமல், பேசும் நேரம் எவ்வளவு, பயணமும் தங்கலும் யார் செலவு, மதிப்பூதியம் எவ்வளவு, பதிவுசெய்து வெளியிடுவார்களா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். மதிப்பூதியம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வராத அழைப்புகள் நிறைய இருக்கும். மறுப்பதற்கு ஒரு வாசகத்தை எழுதியே வைத்துக்கொள்ளலாம்: "அழைப்புக்கு நன்றி. கையிலுள்ள நூலை முடிக்கும் வரை நிகழ்ச்சிகளை ஏற்பதில்லை என்று வைத்திருக்கிறேன்." காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் மாற்று ஏற்பாடு சொல்வார்கள்.

வெற்றி பெற்ற நூலைப் போலவே இன்னொன்று கேட்பார்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் இளமையில் எழுதிய கடற்பயண நூல்கள் நன்றாக விற்றன. அவர் தம் போக்கில் எழுதத் தொடங்கியதும் வாசகர்கள் விலகினார்கள். 1866 முதல் 19 ஆண்டுகள் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராக வேலை பார்த்து, 1891-இல் ஏறக்குறைய மறக்கப்பட்டவராக இறந்தார். 1920-களில்தான் அவர் மீண்டும் வாசிக்கப்பட்டார். இதை ஆறுதல் கதையாகச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. பின்னால் வந்த புகழில் அவருக்கு ஒரு காசு வரவில்லை. வாசகர் எதிர்பார்ப்பதிலிருந்து விலகி எழுத விரும்பினால் தாராளமாக எழுதுங்கள். விலகும் ஆண்டுகளுக்கான சோற்றுக்கு வழி செய்துகொண்டு, ஏற்றக் காலத்தின் சேமிப்பை அதற்கென்றே ஒதுக்கிவிட்டு எழுதுங்கள்.

காகிதங்கள்

உரிமை உங்களுக்குப் பின்னும் நீடிப்பதால், அதைக் கையாளப்போகிறவருக்குத் தெளிவான ஆவணம் தேவை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி: யாரிடம் எந்த உரிமை இருக்கிறது, எந்த ஆண்டு முடிகிறது, கடைசிக் கணக்கு எப்போது வந்தது, ஒப்பந்தத்தின் நகல் எங்கே இருக்கிறது. மின்னூல் தளக் கணக்குகளுக்குள் நுழையும் வழியையும், வெளிவராத கைப்பிரதிகளில் எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குடும்பத்தில் மூத்தவர் என்பதற்காக ஒருவரை நியமிக்காமல், கடிதங்களுக்குப் பதில் போடும் பழக்கமுள்ளவர் யாரோ அவரை உயிலில் பெயர் சொல்லி நியமியுங்கள். மறுபதிப்புக்கு அனுமதி கேட்டு எழுதும் பதிப்பாளர், பதில் வராவிட்டால் இரண்டாம் முறை எழுத மாட்டார்.